புலம் திரும்பியும் ஸ்பின்கள் திரும்பவில்லை என்றால்: ஐசிங் மாதிரியில் தயக்கம் ஏன் வருகிறது

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிற ஒரு பிள்ளை எழுதிக் கேட்டிருக்கிறாள். (ஐசிங் மாதிரி என்றால், மேலேயோ கீழேயோ பார்க்கும் குட்டிக் காந்தங்களை, அதாவது ஸ்பின்களை, கட்டத்துக்கு ஒன்றாக வைப்பது; அண்டைக்காரர்கள் ஒரே பக்கம் பார்த்தால் ஆற்றல் குறையும். மெட்ரோபோலிஸ் என்பது அவற்றை ஒவ்வொன்றாகத் தற்செயலாகத் திருப்பிப் பார்க்கும் முறை.) சுருக்கமாக: "சார், 64×64 கட்டத்தில் ஐசிங் மாதிரியை பைத்தானில் எழுதி, மெட்ரோபோலிஸ் முறையில் ஓட்டினேன். வெப்பநிலை 1.8. புலத்தை மைனஸ் 0.3-இலிருந்து பிளஸ் 0.3 வரைக்கும் மெதுவாக ஏற்றினேன். புலம் பூஜ்யத்தைத் தாண்டும் இடத்தில் காந்தமாக்கம் குதிக்கும் என்று பாடத்தில் இருக்கிறது. எனக்கோ 0.1 பக்கத்தில் வந்துதான் குதிக்கிறது. பத்து மடங்கு மெதுவாக்கினால் 0.065 பக்கம் குதிக்கிறது. இறங்கும்போது மைனஸ் பக்கத்தில் இதே கதை. புரோகிராமில் தப்பா? சீனியர் அண்ணன் ஒருத்தர், 'இது கிபிள்-சூரெக் விஷயம், நாலு வேகத்தில் ஓட்டி லாக்-லாக் வரைபடத்தில் சாய்வை எடுத்துவிடு, புராஜெக்ட் முடிந்தது' என்கிறார். எடுத்துவிடட்டுமா?"

தப்பு இல்லை மக்களே. ஆனால் அந்தச் சாய்வை எடுக்காதே. ஏன் என்று சொல்ல, கிபிள்-சூரெக் யார் என்றும் சொல்ல, கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில், புரோகிராம் சரிதானா என்று பார்க்க ஒரு நிமிஷ வேலை. புலத்தைப் பூஜ்யத்தில் வை, எல்லா ஸ்பின்னும் மேல்நோக்கி இருக்கும்படி ஆரம்பி, வெப்பநிலை 1.8-இல் கொஞ்ச நேரம் ஓடவிடு. ஒரு ஸ்பின்னுக்கான காந்தமாக்கம் 0.957 பக்கத்தில் நிற்க வேண்டும். இது கணினி தந்த எண் இல்லை, தாளில் எழுதிப் பெற்ற எண். ஆன்சாகர் 1944-இல் இருபரிமாண ஐசிங்கைப் புலம் இல்லாமல் தீர்த்தார், காந்தமாக்கச் சூத்திரத்தின் நிறுவலை யாங் 1952-இல் வெளியிட்டார். 0.957 வந்தால் அண்டை ஸ்பின்களைக் கூட்டுவதும் ஏற்பு விதியும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் வெப்பநிலையை 3-க்கு ஏற்றி, புலத்தை அதே வேகத்தில் ஏற்றி இறக்கிப் பார். மாறுநிலை வெப்பநிலை 2.269, அதற்கு இவ்வளவு மேலே போனால் ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் நடுவில் விழும் கண்ணி சுருங்கி ஒரே கோடு மாதிரி ஆகிவிட வேண்டும். இரண்டும் வந்தால் புரோகிராமைத் தொடாதே.

இனி விஷயத்துக்கு வருவோம். நம்ம வீட்டுத் தேங்காய் எண்ணெய் உருகுவது 24, 25 டிகிரியில். நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில் எத்தனையோ நாள் அதற்குக் கீழே போகும், ஆனாலும் குப்பியில் எண்ணெய் தண்ணீராகத்தான் இருக்கும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் உறையும், அதுவும் குப்பியின் அடியிலோ ஓரத்திலோ வெள்ளையாக ஒரு திட்டு வந்து அங்கிருந்து பரவும். உறைந்ததைத் திருப்பி உருக்கினால், உறைந்த வெப்பநிலையில் உருகாது, 24 தாண்ட வேண்டும். போன வழியில் திரும்பி வரவில்லை. பிளஸ் டூவில் காந்தத் தயக்கக் கண்ணி என்று படித்தாயே, அந்தச் சங்கதிதான். உன் கணினியில் இருப்பதும் அதுவே. புலம் பூஜ்யத்தைத் தாண்டியதும் 'மேல்' நிலைதான் ஆற்றலுக்கு லாபம், ஆனால் ஸ்பின்கள் 'கீழ்' நிலையிலேயே இருக்கின்றன. லேசர் பாடத்தில் வரும் சிற்றுறுதி நிலை என்ற சொல் இங்கேயும் பொருந்தும். சமநிலைக்கான பாடப்புத்தகம் 'பூஜ்யத்தில் குதிக்கும்' என்று சொல்வது எல்லையில்லாத நேரம் காத்திருப்பவனுக்கு. உனக்கு அவ்வளவு நேரம் இல்லை.

ஏன் காத்திருக்கிறது? கீழ்நோக்கிய ஸ்பின்களின் நடுவில் மேல்நோக்கிய ஸ்பின்கள் ஒரு வட்டத் திட்டாகச் சேர்ந்ததாக வைத்துக்கொள். திட்டின் உள்ளே இருப்பவர்களுக்குப் புலத்தால் லாபம், அது பரப்பைப் பொறுத்தது. ஓரத்தில் இருப்பவர்களுக்கு அண்டைக்காரரோடு சண்டை, அது சுற்றளவைப் பொறுத்த நஷ்டம். ஆரம் சின்னதாக இருந்தால் நஷ்டம் ஜெயிக்கும், திட்டு கரைந்துபோகும். ஒரு குறிப்பிட்ட ஆரத்தைத் தாண்டிவிட்டால் லாபம் ஜெயிக்கும், அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது. பெக்கரும் டோரிங்கும் 1935-இல் எழுதிய கருவாக்கக் கொள்கையின் சாரம் இதுதான்.

உன் எண்களையே போட்டுப் பார்ப்போம். இருபரிமாண ஐசிங்கில் எல்லைச் சுவரின், அதாவது திட்டின் ஓரத்தின், இழுவிசைக்கும் ஆன்சாகரின் சூத்திரம் இருக்கிறது. ஸ்பின்களுக்கு இடையிலான பிணைப்பை 1 என்று வைத்தால், வெப்பநிலை 1.8-இல் ஓர் அலகு நீளத்துக்கு 0.769 வரும். இழுவிசையை, காந்தமாக்கத்தின் இரண்டு மடங்கையும் புலத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால் அந்தக் குறிப்பிட்ட ஆரம் கிடைக்கும். புலம் 0.1 என்றால் ஆரம் 4 கட்டம், உள்ளே சுமார் 50 ஸ்பின். புலம் 0.05 என்றால் ஆரம் 8, உள்ளே 200 ஸ்பின். 0.02 என்றால் ஆரம் 20, உள்ளே ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். இத்தனை பேர் தற்செயலாக ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். தடையை வெப்பநிலையால் வகுத்தால் 0.54-ஐப் புலத்தால் வகுத்த எண் வருகிறது, அதுதான் மைனஸ் குறியோடு e-யின் அடுக்கில் போய் உட்காருகிறது. ஆக நிகழ்தகவு, புலம் 0.1-இல் சுமார் 220-இல் ஒன்று, 0.05-இல் ஐம்பதாயிரத்தில் ஒன்று, 0.02-இல் ஐம்பதாயிரம் கோடியில் ஒன்று. முன்னால் வரும் பெருக்கல் எண்ணை விட்டுவிட்டேன், வட்டத் திட்டு என்பதும் ஒரு தோராயம்தான். ஆனாலும் விஷயம் தெரிகிறது அல்லவா? புலத்தைப் பாதியாக்கினால் காத்திருப்பு இரட்டிப்பாவதில்லை. அடுக்கு இரட்டிப்பாகிறது.

இதையே தலைகீழாகப் படி. எல்லா ஸ்பின்னுக்கும் திரும்ப ஒரு வாய்ப்புக் கொடுப்பது ஒரு மான்டி கார்லோ சுற்று. புலம் 1 அலகு ஏற அப்படி எத்தனை சுற்று எடுத்துக்கொள்கிறாயோ அதை 'மெதுமை' என்று கூப்பிடுவோம். நீ முதலில் ஓட்டியது பத்தாயிரம் என்றும் அடுத்தது ஒரு லட்சம் என்றும் எடுத்துக்கொள்கிறேன். குதிக்கும் இடம் எது என்றால், அந்தப் புலத்தில் கரு பிறந்து வளர ஆகும் நேரமும், நீ அந்தப் புலத்துக்கு அருகில் செலவழிக்கும் நேரமும் சரிக்குச் சரியாக வரும் இடம். கரு பிறக்கும் நேரம் அடுக்கில் ஏறுவதால், குதிக்கும் புலம் மெதுமையின் மடக்கைக்கு எதிர்விகிதமாகத்தான் குறையும். அந்த விதி முழுசாகப் பிடிக்கும் எல்லையில், குதிக்கும் புலத்தைப் பாதியாக்க மெதுமையை வர்க்கமாக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஓட்டியவன் பத்துக் கோடியில் ஓட்ட வேண்டும். அதற்கும் பாதி வேண்டுமென்றால் பத்துக் கோடியை மறுபடியும் வர்க்கமாக்கு. இதில் 'போதுமான அளவு மெதுவாக' என்ற ஒன்றே கிடையாது.

உன் 0.1-உம் 0.065-உம் இதைவிட வேகமாகத்தானே குறைந்திருக்கிறது என்று கேட்பாய். சரியான கேள்வி. நான் விட்டுவிட்ட பெருக்கல் எண்ணிலும், திட்டு வளரும் வேகத்திலும் புலத்தின் அடுக்குகள் ஒளிந்திருக்கின்றன. புலம் 0.1 மாதிரி பெரிசாக இருக்கும்போது அவையும் சத்தம் போடும். அதனால்தான் நாலு வேகத்தில் ஓட்டி லாக்-லாக்கில் போட்டால் நேர்கோடு மாதிரி ஒன்று வரும், 0.2 பக்கத்தில் ஒரு சாய்வும் வரும், சந்தோஷமாக எழுதிவிடலாம். அதை நம்பாதே. இன்னும் இரண்டு வேகம் சேர்த்தால் சாய்வு குறையும், இன்னும் இரண்டு சேர்த்தால் இன்னும் குறையும். மாறாமல் நிற்கிற அடுக்குக்குறி இங்கே இல்லை, இருக்கிற மாதிரி தெரிவது உன் சன்னலின் அகலத்தால் வரும் மயக்கம். கண்ணியின் பரப்புக்கு அடுக்கு விதி (வேகத்தின் மாறாத ஓர் அடுக்காக மாறும் என்ற விதி) பொருத்திய கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன. மதன் ராவ், எச். ஆர். கிருஷ்ணமூர்த்தி, ராகுல் பண்டிட் மூவரும் 1990-இல் ஸ்பின் மாதிரிகளில் தயக்கம் பற்றி எழுதியதிலிருந்து நம் நாட்டில் இதற்கு ஒரு நல்ல மரபே இருக்கிறது. கொல்கத்தாவின் பிகாஸ் சக்ரவர்த்தியும் முக்திஷ் ஆச்சார்யாவும் 1999-இல் எழுதிய திறனாய்வுக் கட்டுரையை நூலகத்தில் தேடிப் படி, உன் புராஜெக்டின் முதல் அத்தியாயத்துக்கு அது போதும்.

கிபிள்-சூரெக்கைப் பற்றி அண்ணன் சொன்னதில் எது சரி? கிபிள் 1976-இல் பிரபஞ்சத்தின் ஆரம்பத்தைப் பற்றியும், சூரெக் 1985-இல் மீப்பாய்ம ஹீலியத்தைப் பற்றியும் யோசித்தவர்கள். தொடர்ச்சியான, அதாவது குதிக்காமல் நடக்கும், நிலைமாற்றத்தை நெருங்கும்போது ஒத்திசைவு நீளம் (ஒரு ஸ்பின்னின் பாதிப்பு எட்டும் தூரம்) எல்லையின்றி வளரும், அதோடு சேர்ந்து தளர்வு நேரமும் (கலைந்த அமைப்பு சமநிலைக்குத் திரும்ப ஆகும் நேரம்) அந்த நீளத்தின் அடுக்காக வளரும், ஒரு கட்டத்தில் அமைப்பால் உன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும், அந்த இடத்தை அளந்தால் அடுக்கு விதி வரும். அடிப்படை யோசனை, அதாவது இரண்டு நேரங்களை ஒப்பிடுவது, முதல் வரிசை மாற்றத்துக்கும், அதாவது உன்னுடையது மாதிரிக் குதித்து நடக்கும் மாற்றத்துக்கும், பொருந்தும். அந்தப் பாதி சரி. ஆனால் இங்கே ஒத்திசைவு நீளம் வளர்வதே இல்லை, 1.8-இல் அது ஓரிரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். நேரம் நீள்வது வேறு காரணத்தால், அது அடுக்கு விதியிலும் இல்லை. அந்தப் பாதி தப்பு.

ஆனால் சுவாரசியமான ஒன்று இருக்கிறது. முதல் வரிசை மாற்றத்திலும் ஒழுங்கான அளவீட்டு விதி, அதாவது வேறு வேறு அளவுக் கட்டங்களின் கோடுகளை ஒன்றாக்கும் விதி, கிடைக்கும், கட்டம் சின்னதாக இருந்தால். இதைத்தான் உன் புராஜெக்டாக்கச் சொல்வேன்.

பக்கங்களைச் சுற்றி ஒட்டிய கட்டத்தில், அதாவது வலது ஓரம் இடது ஓரத்தோடும் மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் சேரும்படி நீ எழுதியிருப்பாயே அந்த வகையில், புலமே இல்லாமல் கட்டம் முழுக்கத் தலைகீழாக வேண்டுமானால் திட்டு வளர்ந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடும் பட்டையாக வேண்டும். பட்டைக்கு இரண்டு சுவர், ஆக நஷ்டம் பக்க நீளத்தின் இரண்டு மடங்கு பெருக்கல் இழுவிசை. உன் 64-க்கு அதை வெப்பநிலையால் வகுத்தால் 55 பக்கம் வரும். அதை அடுக்கில் போட்டால் 10²³ சுற்றுகளின் அளவு. உன் மடிக்கணினியை விடு, எந்தக் கணினியிலும் நடக்காது. 16×16-க்கு ஒன்பது லட்சம் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. 8×8-க்கோ ஆயிரம் சுற்றுக்கும் கீழே! பெருக்கல் எண்ணைச் சேர்த்தால் இவை மாறும், ஆனால் எட்டுக்கும் அறுபத்து நாலுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் மாறாது.

இதோடு இன்னொரு எண்ணைச் சேர். எட்டுக்கெட்டில் 64 ஸ்பின், அவை ஒரே ஆளாகத் திரும்பும். அந்த ஒரே ஆளுக்குப் புலத்தால் வரும் லாபம் புலம் பெருக்கல் 64 அளவுக்கு இருக்கும். ஆகவே புலம் 1/64 என்ற அளவைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கும், சமநிலையில்கூட குதிப்பு கூர்மையாக இருக்காது, வழுவழுப்பாக வளைந்து ஏறும். அந்தக் குறுகிய சன்னலில் நீ செலவழிக்கும் நேரம், மெதுமையை 64-ஆல் வகுத்தது. மெதுமை பத்து லட்சம் என்றால் சுமார் பதினையாயிரம் சுற்று, தலைகீழாகத் தேவைப்படும் ஆயிரத்தைவிட மிக அதிகம், ஆகவே கண்ணி மூடிவிடும். அதே மெதுமையில் 16×16-க்கு சன்னலில் கிடைப்பது 256-ஆல் வகுத்தால் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, தேவையோ லட்சக்கணக்கில், ஆகவே கண்ணி திறந்தே இருக்கும். இந்த இரண்டு நேரங்களின் விகிதத்தை மாறாமல் வைத்துக்கொண்டு, பக்கம் 6, 8, 10, 12 என்று மாற்றி, கிடைமட்ட அச்சில் வெறும் புலத்தைப் போடாமல் புலம் பெருக்கல் ஸ்பின்களின் எண்ணிக்கையைப் போடு. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழ வேண்டும். விழுகிறதா என்று பார்ப்பதுதான் புராஜெக்ட். சின்னக் கட்டம் என்று யாராவது முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதே, இங்கே சின்னதுதான் இயற்பியல்.

எல்லை நிபந்தனையைத் தொட்டால் கதை இன்னும் மாறும். எங்கள் பாட்டி வீட்டில் அக்கானி (பதநீர்) காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள், கொஞ்சம் பாகை மட்டும் பதம் முற்றுவதற்குள் எடுத்துப் பானையில் விட்டு, உள்ளே நூல் தொங்கவிட்டு, வாய் கட்டி வாரக்கணக்கில் அசையாமல் வைப்பார்கள். திறந்தால் நூலைச் சுற்றிப் பனங்கற்கண்டு. நான் சின்ன வயசில் நடுவில் ஒரு தடவை திறந்து பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். அப்போது கண்ணில் பட்டதை இன்னும் மறக்கவில்லை: நடுப்பாகு தெளிந்து கிடந்தது, நூலிலும் பானையின் ஓரத்திலும் மட்டும் மணி மணியாக ஒட்டியிருந்தது. சும்மா நடுவில் கரு பிறப்பதைவிட ஏதாவது ஒன்றில் சாய்ந்து பிறப்பது சுலபம். உன் கட்டத்தில் பக்கங்களை ஒட்டாமல் திறந்துவிடு, இதையே பார்க்கலாம். ஓரத்தில் பிறக்கிற திட்டுக்கு அரை வட்டம் போதும், தடை பாதி. மூலையில் பிறந்தால் கால் வட்டம், தடை கால். புலம் 0.02-இல் நடுக்கட்டத்தில் ஐம்பதாயிரம் கோடியில் ஒன்றாக இருந்தது மூலையில் ஆயிரத்தில் ஒன்று அளவுக்கு வந்துவிடும். அடுக்கில் நாலில் ஒரு பங்கு என்றால் இவ்வளவு வித்தியாசம். அரை மணி நேரத்தில் எழுதிப் பார்க்கலாம், எந்த மூலையில் முதலில் நிறம் மாறுகிறது என்று திரையில் தெரியும்படி வரைந்துகொள்.

இதற்கும் மேலே ஒரு படி: இடது ஓரத்து ஸ்பின்களை எப்போதும் மேலேயும், வலது ஓரத்தவற்றை எப்போதும் கீழேயும் ஆணி அடித்து வை, மேல் கீழ் ஓரங்களை மட்டும் ஒட்டு. இப்போது சுவர் ஒன்று எப்போதும் உள்ளேயே இருக்கிறது, கரு பிறக்கவே வேண்டாம், சுவர் இடம் வலம் நகர்ந்தால் போதும். நீளமான சுவர் என்பதால் தள்ளாடுவது மெதுவாகத்தான், பக்க நீளத்துக்கு எதிர்விகிதத்தில். அது கடக்க வேண்டிய தூரமும் பக்க நீளம். கணக்குப் போட்டால் நேரம் பக்க நீளத்தின் கனமாக வரும். 64-க்கு சுமார் இரண்டரை லட்சம் சுற்று. முன்பு இதே 64-க்கு 10²³ என்றோமே! மாதிரி அதே, வெப்பநிலை அதே, உள்ளே இருக்கும் ஸ்பின்களும் அதே, ஓரத்தில் நிற்பவர்கள் மட்டும் வேறு. தொடர்ச்சியான மாற்றத்தில் ஓரம் இந்த அளவு ஆட்டிப் படைக்காது. இந்த அமைப்பில் மட்டும் அண்ணன் சொன்ன மாதிரி அடுக்கு விதியை ஓரளவு மனசாட்சியோடு தேடலாம், மெதுமையைப் பக்க நீளத்தின் ஐந்தாம் அடுக்கால் வகுத்து வைத்துக்கொண்டு. பக்கம் 8, 12, 16 போதும், ஐந்தாம் அடுக்கு என்பதால் 64-க்கு நூறு கோடி சுற்றுக்கு மேல் போய்விடும், பைத்தானில் நீ கிழவியாகிவிடுவாய். சி-யில் எழுது, இல்லையென்றால் குறைந்தது பைத்தானை வேகமாக்கும் நம்பாவாவது போடு.

அப்புறம், குதிப்பின் சிதறலையும் கவனி. பெரிய கட்டத்தில், புலமும் பெரிசாக இருந்தால், நிறையத் திட்டுகள் ஒரே நேரத்தில் பிறந்து வளர்ந்து ஒன்றோடொன்று முட்டும். கோல்மோகோரோவ் 1937-இலும் அவ்ராமி 1939-இலும் எழுதிய கணக்கு இந்த நிலைக்குத்தான். அப்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் குதிப்பு ஏறக்குறைய ஒரே இடத்தில் வரும். மெதுவாக ஓட்ட ஓட்ட, முதலில் பிறந்த ஒற்றைத் திட்டே கட்டம் முழுவதையும் விழுங்கிவிடும், அது எப்போது பிறக்கும் என்பது அதிர்ஷ்டம். அப்போது ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறும். உன் 64-க்கு 0.1-உம் 0.065-உம் இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் எங்கேயோ நிற்கின்றன. ஆகவே ஒரே ஒரு ஓட்டத்தில் வந்த 0.065-க்குப் பெரிய மதிப்பில்லை.

வெப்பநிலையை மாற்றி முதல் வரிசை மாற்றத்தைக் கடக்க ஆசை என்றால் பாட்ஸ் மாதிரிக்குப் போ. ஸ்பின்னுக்கு இரண்டுக்குப் பதில் பல நிறங்கள். இருபரிமாணச் சதுரக் கட்டத்தில் நிறம் நாலு வரை மாற்றம் தொடர்ச்சியானது, ஐந்திலிருந்து முதல் வரிசை. பாக்ஸ்டர் 1973-இல் காட்டியது. ஆனால் ஐந்து நிறத்தை எடுத்து ஏமாறாதே, அதன் ஒத்திசைவு நீளம் இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டத்தைத் தாண்டும், உன் கட்டத்தில் அது தொடர்ச்சியான மாற்றம் மாதிரியே நடிக்கும். பத்து நிறத்தில் பத்தரைக் கட்டம், மாற்ற வெப்பநிலை 0.7012, உள்ளுறை வெப்பம் ஒரு ஸ்பின்னுக்கு 0.696, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தவை. இருபது நிறத்தில் நீளம் மூன்றுக்கும் கீழே. பத்தோ இருபதோ எடு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. யாராவது வந்து "ஸ்வென்ட்சன்-வாங், வோல்ஃப் போடு, தயக்கமே போய்விடும்" என்பார்கள். போகும்தான். 1987-இலும் 1989-இலும் வந்த அந்த முறைகள் ஒரு கூட்டத்தையே ஒரே அடியில் திருப்புகின்றன, சமநிலை எண்கள் வேண்டுமென்றால் அருமை. ஆனால் நீ அளக்க வந்ததே ஸ்பின்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும்போது எவ்வளவு தயங்குகின்றன என்பதை. தயக்கத்தை எடுத்துவிட்டால் அளக்க என்ன இருக்கிறது?

ஆகவே இந்த வாரம் இதைச் செய்: 8×8, பக்கங்கள் ஒட்டியது, வெப்பநிலை 1.8, மெதுமை பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம். ஒவ்வொன்றுக்கும் நூறு ஓட்டம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு ரேண்டம் விதை. காந்தமாக்கம் பூஜ்யத்தை முதல் தடவை தாண்டும் புலத்தைக் குறித்துவை, சராசரி மட்டும் இல்லாமல் நூறு எண்களையும் கோப்பில் சேமி. பத்து லட்சத்தில் சில ஓட்டங்கள் புலம் மைனஸில் இருக்கும்போதே தாண்டியிருக்கும். அதைப் பார்த்து மறுபடியும் புரோகிராமில் தப்பு என்று எழுதிவிடாதே.